வேடம் களையாதவள்

சீவரத்தினத்தை ஊர் ‘அவன்’ என்றது. பிறப்புப் பதிவும் அப்படித்தான் சொன்னது. பள்ளிக்கூட வரவு இடாப்பும் சங்கக்கடைப் பங்கீட்டுக் கூப்பனும் அதையே திருப்பிச் சொல்லின. இத்தனை கடதாசிகள் சேர்ந்து ஒரு பிழையைச் சொன்னால் அது சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இந்தக் கதை அவளை அவள் என்றுதான் சொல்லப்போகிறது. பிடிக்காதவர்கள் இந்த இடத்திலேயே இறங்கிக்கொள்ளலாம், வண்டி நிற்கிறது.

அச்சுவேலிச் சந்தையிலிருந்து கடற்பக்கமாகப் போகிற வீதியில் அவளுக்குச் சைக்கிள் திருத்துகிற கடை ஒன்று இருந்தது. தகப்பன் அருளம்பலம் தொடங்கிய கடை. அவர் கண்மூடிய பிறகு தாய் மூத்த மகனோடு கனடாவுக்குப் போய்விட்டாள். ரத்தினத்தையும் கூப்பிட்டார்கள், அவள் போகவில்லை. ரியூப்புக்கு ஒட்டுப் போடுவதிலும் கோணிய சில்லை நேராக்குவதிலும் அவளுக்கு இணை அந்த வட்டாரத்தில் இல்லை. நகக்கண் எப்போதும் கிறீஸ் படிந்து கறுத்திருக்கும். பெண்ணின் கை மென்மையாக இருக்க வேண்டும் என்று ஒரு சட்டத்திலும் இல்லை. சந்தேகம் இருந்தால் அந்த ஊர்த் தோட்டக்காரிகளின் கையைத் தொட்டுப் பார்க்கலாம், அவர்கள் விட்டால்.

ஊர் சின்னது. செம்மண், வெங்காயம், புகையிலை, நடுவில் ஓர் அம்மன் கோயில். வருஷா வருஷம் வைகாசிப் பொங்கலுக்குக் கோயில் வீதியில் விடிய விடியக் கூத்து ஆடுவார்கள். கதை எல்லாருக்கும் மனப்பாடம். அம்மன் ஓர் ஊரின் எல்லையில் வந்து நின்று, இருக்க இடம் கேட்கிறாள். மூன்று தரம் கேட்கிறாள், மூன்று தரமும் அரசன் மறுக்கிறான். பிறகு ஊரில் அம்மை போடுகிறது, அரசன் அழுகிறான், இடம் கிடைக்கிறது. ஆடுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்கள் கயிறு கட்டிய மறுபக்கத்தில் இருந்து பார்க்கலாம், அழலாம், நேர்த்தி வைக்கலாம். கூத்தாடுகிற வட்டத்துக்குள், களரிக்குள், கால் வைக்கக் கூடாது.

வேடம் கேட்பதற்கும் ஒரு முறை இருந்தது. நோய் நொடி வந்தால், சுகப்படுத்து தாயே, உன் கூத்தில் ஆடுகிறேன் என்று நேர்ந்துகொள்வார்கள். தானே ஆடுவதாகவும் நேரலாம், வீட்டு ஆளொருவரை ஆட வைப்பதாகவும் நேரலாம். நேர்ந்து வந்தவருக்குத் தகுந்த காரணமில்லாமல் வேடம் இல்லையென்று சொல்லக் கூத்தை நடத்துகிற அண்ணாவியாருக்கும் உரிமையில்லை, கோயில் சபைக்கும் உரிமையில்லை.

1983ஆம் ஆண்டு ரத்தினத்துக்கு இருபத்திரண்டு வயது. ஒரு காய்ச்சலால் எழும்பி வந்து அம்மன் வேடம் கேட்டாள். காய்ச்சல் அவ்வளவு பெரிதில்லை என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடலாம். வேடத்துக்காக அதைக் கொஞ்சம் பெருப்பித்துத்தான் சொன்னாள்.

முதல் வருஷம், தனக்கு முன் ஆடியவர்களைப் பார்த்து அப்படியே ஆடினாள். இடுப்பை ஒடித்தாள், குரலை நூலாக்கினாள், விரலை வளைத்து வளைத்து இடம் கேட்டாள். ‘வடிவாய் ஆடினாய்’ என்று எல்லாரும் சொன்னார்கள். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் ஆடியது அம்மனும் இல்லை, பெண்ணும் இல்லை. பெண் என்றால் இப்படித்தான் என்று ஆண்கள் தங்களுக்குள் பேசி முடிவுகட்டி வைத்திருந்த ஒரு பொம்மை அது. தான் அந்தப் பொம்மை இல்லை என்பது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அது எப்போது தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று துருவுகிறவர்கள் உண்டு. அவர்களிடம், நீங்கள் ஆம்பிளை என்பது உங்களுக்கு எந்தத் திகதியில் தெரிந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்த வருஷம் மாசி மாதம், சிவக்கொழுந்து என்ற தோட்டக்காரியின் சைக்கிள் நடுவழியில் செயின் அறுந்து நின்றது. சிவக்கொழுந்து புருஷனை இழந்தவள். குணலட்சுமி என்று ஒரே ஒரு மகள். பன்னிரண்டு பரப்பு நிலத்து வெங்காயத்தைத் தனியாளாய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தினம் தோட்டத்துக்கே போய் வரம்பில் குந்தியிருந்து செயினைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அப்போது பக்கத்துத் தோட்டக்காரன் ஒருவன் சிவக்கொழுந்தின் முறையில் பங்குக் கிணற்றுத் தண்ணீரைத் தன் வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டான். சிவக்கொழுந்து போய் அவனுக்கு முன்னால் நின்றாள்.

“தண்ணி என்ரை முறை” என்றாள்.

அவன் சிரித்தான். அவள் திரும்பவும் அதையே சொன்னாள். அவன் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். மூன்றாம் தரமும் அவள் அதையே சொன்னாள். மூன்று தரமும் ஒரே குரல்தான், ஒரு துளி ஏறவில்லை, இறங்கவில்லை. இரண்டு குதிக்காலும் மண்ணில் பதிந்திருந்தன. கை சும்மா தொங்கியது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் தலைக்கு மேலால் தன்னுடைய வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் அந்த மனிதன் மண்வெட்டியை எடுத்து வாய்க்காலைத் திருப்பிவிட்டான்.

ரத்தினத்துக்குக் கையிலிருந்த செயின் நழுவி விழுந்தது. அம்மன் இடம் கேட்பது இப்படித்தான் என்று அந்த இடத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து மூன்று மாதம் கடையில் வேலைக்கு நடுவே அவள் நின்று பழகினாள். ஆட்டம் பழகுவதை விட நிற்பதைப் பழகுவது கஷ்டம். சில்லுக்குக் காற்றடிக்கும்போது நின்று பார்த்தாள், ஒட்டுக் காயும்வரை நின்று பார்த்தாள். குதிக்காலில் பாரம் இறங்கினால் தோள் தானாக விரிகிறது என்பதையும், தோள் விரிந்தால் குரலை இழுக்க வேண்டியதில்லை, அது தன் பாட்டில் வரும் என்பதையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். கூத்துப் பழகுகிற இடத்துக்கு அவள் வந்தபோது பரமலிங்கம் அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கூத்தை நடத்துகிறவர் அவர்தான். எதற்கும் ஓம் என்றும் சொல்லமாட்டார், இல்லையென்றும் சொல்லமாட்டார். அப்படிப்பட்டவருக்கே வாய் திறந்தது.

“ரத்தினம், அம்மன் எண்டால் கொஞ்சம் குழைவு வேணுமடா.”

“ஏன் அண்ணை? அவள் ஆருக்குப் பயந்து குழைய வேணும்?”

அண்ணாவியார் மத்தளத்தில் ஒரு தட்டுத் தட்டினார். அது சம்மதம்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த வருஷக் கூத்தில், மூன்றாம் தரம் இடம் கேட்டபோது பெண்கள் பக்கத்தில் இரைச்சல் அடங்கிப்போய்விட்டது. அடுத்த நாள் காலை சிவக்கொழுந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

“உது என்ரை நிலையெல்லோ?”

“ஓம் அக்கா. களவெடுத்துப் போட்டன்.”

“எடுத்ததுதான் எடுத்தாய், வடிவாய் எடுத்திருக்கிறாய். இந்த முன் சில்லுக்குக் காத்தடி.”

சிநேகிதம் அப்படித்தான் தொடங்கியது.

இனி அந்தக் கிணற்றடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூத்து முடிந்ததும் பெண்வேடம் கட்டியவர்கள் கோயில் கிணற்றடிக்குப் போய், அரிதாரத்தைக் கழுவி, சீலையை உரிந்து கொடுத்துவிட்டு, வேட்டி கட்டி, பூசாரியின் கையால் திருநீறு வாங்க வேண்டும். அதற்கு வேடம் களைதல் என்று பெயர். களையாமல் ஒருவரும் வீட்டுக்குப் போகக் கூடாது, போனால் வீடு தாங்காது என்பார்கள். மற்றவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ‘அப்பாடா’ என்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பீடியைப் பற்ற வைத்து, மறுபடி ஆம்பிளையாகி வீட்டுக்குப் போவார்கள். ரத்தினத்துக்கோ தலைகீழாக இருந்தது. இரவு முழுக்கச் சும்மா தானாக இருந்துவிட்டு, விடியும்போது அந்தக் கிணற்றடியில்தான் வேடம் கட்டுவது போல இருந்தது. ஒரு இரவுக்கு வேடம் கட்டுகிறவனை ஊர் கும்பிட்டது. வருஷம் முழுக்க வேடம் கட்டுகிறவளை ஊர் கவனிக்கவே இல்லை.

1987இல் சண்டை வந்து கூத்து நின்றது. பிறகு இந்திய இராணுவம் வந்தது, போனது, திரும்பவும் சண்டை வந்தது. நாலு வருஷம் அம்மனுக்குப் பொங்கல் மட்டும்தான். அந்த நாலு வருஷத்தில் ரத்தினம் தலைமயிரை வளர்த்தாள், கொண்டை போட்டுத் துவாய்த் துண்டால் மறைத்தாள். சந்தையில் ஒரு நீலப் பருத்திச் சீலை வாங்கி, பழைய ரயர்களுக்குக் கீழே தகரப் பெட்டியில் வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அதை உடுத்துப் பார்ப்பாள். பிறகு அதே கதவைத் திறக்க முன் கழற்றி வைப்பாள். முப்பது வயதாகப்போகிறது. இப்படியே எத்தனை நாளைக்குக் கழற்றிக் கழற்றி வைப்பது என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

1991இல் கூத்தை மறுபடி ஆடுவதென்று சபை முடிவெடுத்தது. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, இரவில் வெளிச்சம் தெரிந்தால் குண்டு போடப் பொம்மர் வரும். ஆகவே பகலில் ஆடுவதென்றார்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கிய கூத்து பின்னேரம் நாலரைக்கு முடிந்தது. முன்பெல்லாம் வேடம் களைகிற நேரத்தில் சனம் நித்திரைக் கண்ணோடு வீட்டுக்குப் போய்விடும். இந்த முறை ஊர் முழுக்க விழிப்பாக, நல்ல வெயிலில், கிணற்றடியைச் சுற்றி நின்று வேடிக்கையாய் விடுப்புப் பார்த்தது.

ரத்தினம் படங்குத் துணி மறைப்புக்குள் போனாள். முகத்தைக் கழுவினாள். அம்மனின் சிவப்புப் பட்டையும் முடியையும் மடிப்புக் குலையாமல் பூசாரியிடம் நீட்டினாள். பிறகு நீலச் சீலையை உடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சபைத் தலைவர் நமசிவாயம் முன்னுக்கு நின்றார். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். எழுத்தில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நம்புகிற மனிதர்.

“என்ன பகிடி உது ரத்தினம்? போய் வேட்டியைக் கட்டிக்கொண்டு வா.”

“அம்மன்ரை உடுப்பைக் குடுத்திட்டன் தலைவர். முடியும் குடுத்திட்டன். இது என்ரை சீலை.”

“வேடம் களைய வேணுமெல்லோ?”

“களைஞ்சிட்டன். உந்தக் கிணத்தடியிலை வைச்சு வருஷா வருஷம் எனக்குக் கட்டிவிட்டியளே ஒரு வேட்டி, அதுதான் என்ரை வேடம். அதைத்தான் இண்டைக்குக் களைஞ்சனான்.”

பூசாரி திருநீற்றுத் தட்டைப் பின்னுக்கு இழுத்தார். ரத்தினம் எட்டித் தானே ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டாள். தட்டில் கை வைத்ததற்குச் சனம் ஊவென்று இரைந்தது. அவள் சைக்கிளை எடுத்து உருட்டிக்கொண்டு நடந்தாள். பயப்படாமல் போனாள் என்று சொன்னால் அது பொய். ஆனாலும் ஏறி ஓடாமல், கால் மைல் தூரம் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனாள்.

அடுத்த நாள் கடைப் பலகையில் கரியால் ஏதோ எழுதியிருந்தது. என்ன எழுதியிருந்தது என்று இந்தக் கதை சொல்லாது. எழுதினவனுக்கு அந்தப் பெருமை வேண்டாம். நமசிவாயம் முறையிட்டு அப்போது ஊரைக் கையில் வைத்திருந்த இயக்கத்தின் பெடியள் இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். எந்தச் சட்டத்தின் கீழ் விசாரிப்பது என்று அவர்களுக்கே தெரியவில்லை. பின் சில்லுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். கனடாவிலிருந்து அண்ணன்காரன் கடிதம் போட்டிருந்தான், ‘உன்னாலை எனக்கு ஊரிலை தலைகாட்ட ஏலாமல் கிடக்கு’ என்று. ஊருக்குக் கடைசியாய் வந்து எட்டு வருஷமான மனிதன் எந்தத் தலையைக் காட்டப் பார்த்தானோ தெரியாது.

கடையை மட்டும் யாராலும் ஒதுக்க முடியவில்லை. பெற்றோல் இல்லாத ஊரில் மாப்பிள்ளையும் சைக்கிளில்தான் வந்தான், பிரேதப் பெட்டியும் சைக்கிளில்தான் வந்தது. ‘டேய்’ என்று கூப்பிட்டவர்களின் சைக்கிள் சுவரோடு சாத்தியே கிடந்தது. முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ‘ரத்தினக்கா’ என்றார்கள். பிறகு பிள்ளைகளின் தாய்மார் ‘ரத்தினம்’ என்று மொட்டையாக இல்லாமல், பெண்பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல ‘பிள்ளை ரத்தினம்’ என்றார்கள். அவசரத்துக்குச் சில ஆம்பிளைகளுக்கும் நாக்குத் திரும்பியது.

ஆனால் நேர்த்தி இல்லாத வருஷத்தில் வேடம் யாருக்கென்பது சபையின் விருப்பம், அடுத்த வைகாசிக்கு அம்மன் வேடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. சங்கக்கடையில் வேலை செய்த செல்வரட்ணம் என்பவனுக்குக் கொடுத்தார்கள். நல்ல பெடியன், குரலும் உண்டு. கூத்துக்குப் பத்து நாள் முன்பு கடைக்கு வந்து தலையைச் சொறிந்தான்.

“அந்த மூண்டாந்தரம் நிக்கிறதைக் கொஞ்சம் காட்டித் தாறியளோ?”

“ஏலாது தம்பி. அது பழக்கிவிடுற ஆட்டம் இல்லை, நான் நிக்கிற நிலை. உன்ரை நிலையை நீ பார்.”

அவனைத் துரத்திவிட்டு அன்றைக்கு முழுக்க வேலை ஓடாமல் இருந்தாள். கூத்தன்று மத்தளம் கடைவரை கேட்டது. அம்மன் வருகிற இடம், கேட்கிற இடம், ஒவ்வொன்றும் காதில் விழுந்தது. ஒரு சில்லைப் பத்துத் தரம் சுற்றிப் பார்த்தாள், பத்துத் தரமும் கோணிக்கொண்டே இருந்தது. கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தால் எந்தச் சில்லும் கோணலாய்த்தான் தெரியும். அவளுக்கு வேண்டியவை இரண்டே இரண்டு. சீலையோடு வாழ வேண்டும், அம்மனாய் ஆட வேண்டும். இரண்டில் ஒன்றை எடு என்று ஊர் சொன்னது. எதை விட்டாலும் பாதி ஆள்தான் மிஞ்சுவாள்.

1993 சித்திரையில் சிவக்கொழுந்தின் மகள் குணலட்சுமிக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. மருந்து இல்லாத காலம். பதினேழு நாள் பிள்ளை கண் திறக்கவில்லை. பதினெட்டாம் நாள் எழும்பிக் கஞ்சி கேட்டாள். அடுத்த ஞாயிறு பின்னேரம் சிவக்கொழுந்து ரத்தினத்தையும் கூட்டிக்கொண்டு கோயில் மடத்தில் நடந்த சபைக் கூட்டத்துக்குப் போனாள்.

“பிள்ளை தப்பினால் ரத்தினத்தை அம்மனாய் ஆட வைப்பன் எண்டு நேந்தனான்” என்றாள். “வேடத்தைக் குடுங்கோ.”

நமசிவாயம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். “வீட்டு ஆளை ஆட வைக்கிறதாய்த்தான் நேரலாம். ரத்தினம் உன்ரை வீட்டு ஆளோ?”

“ஓம்” என்றாள் சிவக்கொழுந்து. “என்ரை தங்கச்சி.”

மடத்தில் சிரிப்பு எழுந்தது. நமசிவாயம் சிரிக்கவில்லை. அவருக்கு நல்ல பிடி ஒன்று அகப்பட்டுவிட்டது.

“நல்லது. அப்ப ரத்தினமே சொல்லட்டும். தங்கச்சி எண்டால் பொம்பிளை. பொம்பிளையள் எங்கடை களரியிலை ஆடுற வழக்கம் இல்லை. இல்லை, ஆம்பிளை எண்டால் நேர்த்தியை நான் மறிக்க ஏலாது, வேடம் உனக்குத்தான். ஆனால் கூத்து முடிய வேட்டி கட்ட வேணும், அதுக்குப் பிறகும் வேட்டியோடைதான் திரிய வேணும். எது எண்டு சொல்லு, எழுதிப் போட்டு அடுத்த அலுவலைப் பாப்பம்.”

எல்லாரும் ரத்தினத்தைப் பார்த்தார்கள். ஆம்பிளை என்று ஒரு சொல் சொன்னால் போதும். முடி திரும்பித் தலையில் ஏறும், மத்தளம் அவளுக்காக அடிக்கும், மூன்றாம் தரம் இடம் கேட்கும்போது பெண்கள் பக்கம் மூச்சடங்கிப் போகும். அந்த ஆசையை அவள் எச்சில் போல விழுங்கினாள். விழுங்க எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்பதைப் பக்கத்தில் நின்ற சிவக்கொழுந்து கண்டாள்.

“பொம்பிளை” என்றாள் ரத்தினம். “எழுதுங்கோ.”

நமசிவாயம் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். நேர்த்தி ஒன்றை மறுத்தால் காரணத்தை எழுதி, சபைக்கு வாசித்து, சம்பந்தப்பட்டவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது அவரே கொண்டுவந்த ஒழுங்கு. எழுதத் தொடங்கினார். பாதி வரியில் பேனை நின்றது. பின்னாலிருந்து பரமலிங்கம் அண்ணாவியார் எட்டிப் பார்த்தார்.

“தலைவர், என்ன எழுதுறியள் எண்டு பாத்துத்தான் எழுதுறியளோ?”

நமசிவாயத்தின் முகம் சிவந்தது. ஆண் என்று எழுதினால் வேடத்தைக் கொடுக்க வேண்டும். வேடத்தைக் கொடுக்காமல் விட வேண்டுமானால் பெண் என்று எழுத வேண்டும். அவர் தோண்டிய குழி இரண்டு பேருக்கும் அளவாகத்தான் இருந்தது. எழுதாமல் விடலாம்தான், ஆனால் எழுதாதது நடக்காதது. கடைசியில் எழுதினார். எழுந்து நின்று, மெல்லிய குரலில் வாசித்தார்.

“மேற்படி நேர்த்திக்குரிய அருளம்பலம் சீவரத்தினம் என்பவர் பெண்ணாகையால், களரியில் பெண்கள் ஆடும் வழக்கம் இல்லாத காரணத்தால், வேடம் வழங்க இயலாதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.”

“விளங்கேல்லை தலைவர்” என்றாள் ரத்தினம். “கொஞ்சம் பிலத்து வாசியுங்கோ.”

அவர் மடம் முழுக்கக் கேட்கப் பிலத்து வாசித்தார். ரத்தினம் பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

மடத்துக்கு வெளியே வந்தபிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. பெண்ணென்று எழுதி வாங்கிவிட்டாள், ஆனால் அம்மன் போய்விட்டாள். மதில் ஓரத்தில் குந்தியிருந்து தேம்பித் தேம்பி அழுதாள். சிவக்கொழுந்து அவளை அழ விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

“முடிஞ்சுதோ?” என்று கேட்டாள் பிறகு. “நான் நேர்த்தி வைச்சது அம்மனுக்கு, நமசிவாயத்தாருக்கு இல்லை. கோயில் களரியிலைதானே பொம்பிளையள் ஆடக் கூடாது? என்ரை தோட்டத்திலை ஆர் ஆடுறதெண்டு நான்தான் தீர்மானிப்பன்.”

ஆவணியில் வெங்காயம் கிண்டி முடிந்ததும் தோட்டத்தை மட்டப்படுத்தினார்கள். ஆட ஆம்பிளைகள் வரமாட்டார்கள் என்று தெரியும், ஆகவே பெண்களே எல்லா வேடமும் கட்டினார்கள். குணலட்சுமியும் அவளுடைய சிநேகிதிகளும் பின்பாட்டு. அரசன் வேடத்துக்கு ஒருத்தியும் சம்மதிக்காததால் சிவக்கொழுந்தே கட்டினாள். இந்த முறை ரத்தினம் எதிரே நின்று பார்த்துத் திருத்த வேண்டியிருந்தது.

“ஆம்பிளை நிக்கிற மாதிரி நில்லுங்கோ அக்கா.”

“அவையள் எங்கையடி நிக்கினம்? எந்த நேரமும் எதிலையாவது சாஞ்சுகொண்டெல்லோ கிடக்கினம்.”

“அப்ப சாயுங்கோ. அரசனும் சாஞ்சுகொண்டுதான் இடமில்லை எண்டு சொல்லுவான்.”

அதுதான் சரியாக வந்தது. நிற்கிறவளைச் சாய்ந்திருக்கிறவன் மறுக்கிறான். இத்தனை வருஷமாய் அந்தக் கூத்தில் ஓர் அரசனும் அப்படிச் சாய்ந்ததில்லை. இரண்டு பேரும் அதைக் கண்டுபிடித்த அன்று விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கூத்தன்று விடியச் சனம் வரம்பு வரம்பாய் வந்து இருந்தது. விடுப்புப் பார்க்க வந்தவர்கள் பாதி, நேர்த்திக்கு வந்தவர்கள் பாதி. நமசிவாயம் வரவில்லை. அவருடைய மனைவி வந்து முன் வரிசையில் இருந்தாள். செல்வரட்ணம் ஒருவரும் கேட்காமலே வந்து படங்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். மத்தளத்துக்கு ஆளில்லாமல் தகரப் பீப்பா ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருந்தார்கள். ஆறு மணிக்குப் பரமலிங்கம் அண்ணாவியார் சைக்கிள் கரியரில் மத்தளத்தைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். “சும்மா இந்தப் பக்கம் வந்தனான்” என்றார்.

வேடம் வருமுன் அண்ணாவியார் ஆட்டக்காரரின் பெயரைத் தகப்பன் பேரோடு கூடியிருக்கிற சனத்துக்குச் சொல்ல வேண்டும். அவர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“கேளுங்கோ சபையோரே! இது தோட்டக்காரி சிவக்கொழுந்தின்ரை நேர்த்தி. அம்மனாய் வாறது அருளம்பலத்தின்ரை மகள் சீவரத்தினம்!”

பின் வரிசையில் யாரோ ஒருவன் கெக்கலித்தான். அண்ணாவியார் அந்தப் பக்கம் திரும்பினார். “கோயில் சபையிலை எழுதி, ரெண்டுதரம் வாசிச்சது. சந்தேகம் எண்டால் தலைவரைப் போய்க் கேள்” என்று சொல்லிவிட்டு மத்தளத்தில் கை வைத்தார்.

வரவுக்கான தாளம் எழுந்தது. அம்மன் வரவில்லை. அண்ணாவியார் இரண்டாம் தரமும் அடித்தார். படங்குக்குப் பின்னால் ரத்தினம் அசையாமல் நின்றாள். ஒருநாளும் தாளம் தவறாதவள், மகள் என்ற சொல் காதில் விழுந்த இடத்திலேயே நின்றுபோனாள். பூசின மஞ்சளில் கண்ணீர் கோடு கோடாய் இறங்கிக்கொண்டிருந்தது.

களரியின் மறு கரையில் மீசை வரைந்த அரசன் சிம்மாசனத்தை விட்டு எழும்பினான்.

“என்னடி நிண்டு அழுகிறாய்?” என்று சிவக்கொழுந்து ஊர் முழுக்கக் கேட்கக் கத்தினாள். “மத்தளம் அடிக்குதெல்லோ, வாவன்!”

சனம் கொல்லென்று சிரித்தது. ரத்தினமும் சிரித்துவிட்டாள். அண்ணாவியார் மூன்றாம் தரம் அடித்தார். அழுத முகத்தோடேயே அவள் களரிக்குள் வந்து, இருக்க இடம் தா என்று முதல் தரம் கேட்டாள்.